கொன்றவனும் அவனே, காதலனும் அவனே
இரு கடன் – தொடர் 11

தந்தையைக் கொன்றவனுக்குத் தண்டனை கேட்டு அரசன் காலில் விழுகிறாள் மகள். அந்தக் கொலையாளியைத்தான் அவள் உயிருக்குயிராகக் காதலிக்கிறாள். அவன் பிழைத்தால் தந்தைக்குத் துரோகம்; அவன் செத்தால் அவளுக்கு வாழ்வில்லை. பியேர் கொர்னெய் எழுதி, 1637-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரிஸில் மேடையேறிய ‘லெ சித்’ நாடகத்தில் ஷிமேன் என்ற பெண் நிற்கும் இடம் இது. காதலுக்கும் குடும்பத்துக்கும் நடுவே பிளவுபட்ட மனதை இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு பிடிவாதமாகப் பின்தொடர்ந்த நாடகங்கள் மிகக் குறைவு.

அரண்மனை வாசலில் விழுந்த அறை, முதியவர் தொன் தியேக்கின் அவமானம், அவருக்காக மகன் ரோத்ரிக் ஏந்திய வாள், ஷிமேனின் தந்தை கோர்மாஸ் பிரபுவின் சாவு ஆகியவை சென்ற வாரம் வந்துவிட்டன. இந்த வாரத்துக்கு உரியவள் ஷிமேன்; அவளைப் போலவே ரோத்ரிக்கை நேசிக்கும் இளவரசிக்கு அடுத்த வாரம்.

ரோத்ரிக்கின் அறுபது வரிகள்

ஷிமேன் எடுக்கும் முடிவு விளங்க வேண்டுமானால், அதற்கு முன்பே ரோத்ரிக் எடுத்த முடிவை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் அங்கத்தின் கடைசியில் தந்தை கொடுத்த வாளோடு அவன் தனித்து நிற்கிறான். அதுவரை பன்னிரண்டு அசை கொண்ட ஈரடிகளாக நடந்துவந்த நாடகம் அந்த இடத்தில் நடையை மாற்றிக்கொள்கிறது. பத்துப் பத்து வரிகளாக ஆறு பத்திகள்; நீண்ட வரியும் குறுகிய வரியும் கலந்து, ஏறக்குறைய பாட்டாகவே வருகின்றன. ஆறு பத்திகளும் ஒரே பெயரில் முடிகின்றன. அது ஷிமேனின் பெயர்.

அந்த அறுபது வரிகளில் ஒரு வழக்கு படிப்படியாக நடக்கிறது. முதல் பத்தியில் அடி விழுந்த அதிர்ச்சி மட்டும். அவமானம் தந்தைக்கு நேர்ந்தது. அதைச் செய்தவர் காதலியின் தந்தை. அடுத்த இரண்டு பத்திகளில் அவன் இரண்டு பக்கத்தையும் எடை போடுகிறான். பழி வாங்கினால் காதல் போகும், வாங்காவிட்டால் மானம் போகும். கையில் இருக்கும் வாளிடமே, எதற்காக வந்தாய் என்று கேட்கிறான். நான்காவது பத்தியில், யாரையும் நோகடிக்காமல் தானே செத்துப்போகலாம் என்று நினைக்கிறான். ஐந்தாவது பத்தியில் அந்த எண்ணம் உடைகிறது. பழி தீர்க்காமல் செத்தால், குலத்தின் மானத்தைக் காக்கத் தெரியாதவன் என்ற பேர்தான் மிஞ்சும். ஆறாவது பத்தியில் அவன் தந்தையின் பக்கம் போய்விடுகிறான். இவ்வளவு நேரம் தயங்கியதற்கே வெட்கப்படுகிறான்.

இந்த வழக்கின் திருப்பம் நான்காவது பத்தியில் இருக்கிறது. பழி வாங்கினால் ஷிமேன் வெறுப்பாள். வாங்காவிட்டால் இகழ்வாள் என்று ரோத்ரிக் கணக்குப் போடுகிறான். எந்தப் பக்கம் போனாலும் அவள் கிடைக்கப்போவதில்லை. ஆனால் வெறுப்புக்கும் இகழ்ச்சிக்கும் வேறுபாடு உண்டு. தகுதியுள்ள எதிரியைத்தான் ஒருவர் வெறுப்பார், தகுதியற்றவனை இகழ்வார். ஷிமேனின் வெறுப்புக்காவது தகுதியுள்ளவனாக இருக்க வேண்டும் என்பதில் அவனுடைய காதலும் அடங்கியிருக்கிறது. ஆகவே காதலைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் கடமையைத் தேர்ந்தான் என்று சொல்வது பாதி உண்மைதான். காதலே அவனைக் கடமையின் பக்கம் தள்ளுகிறது.

நீதி கேட்பவள்

இரண்டாம் அங்கத்தின் முடிவில் ஷிமேனும் தொன் தியேக்கும் ஒரே நேரத்தில் அரசன் பெர்னானின் முன்னால் வந்து விழுகிறார்கள். அவள் தந்தையின் ரத்தத்துக்கு ரத்தம் கேட்கிறாள். கிழவர், தண்டனை தருவதானால் வாளைப் பிடித்த கையை விட்டுவிட்டு, அதை ஏவிய தன் தலையை எடுக்கும்படி கேட்கிறார். மகளுக்குத் தந்தை, மகனுக்குத் தந்தை என்று குடும்பக் கடன் இரு பக்கமும் சம எடையில் நிற்கிறது. அரசன் உடனே தீர்ப்புச் சொல்ல முடியாமல் விசாரணையைத் தள்ளிவைக்கிறான்.

மூன்றாம் அங்கத்தில் நாடகத்தின் உச்சம். ரத்தம் காயாத வாளோடு ரோத்ரிக், தான் கொன்றவரின் வீட்டுக்கே வருகிறான். ஷிமேனின் தோழி எல்வீர் அவனை மறைத்து வைக்கிறாள். தொன் சான்ஷ் என்ற பிரபு ஷிமேனோடு வந்து, அவளுக்காகத் தான் வாளெடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அவன் போன பிறகுதான் ஷிமேன் தோழியிடம் மனதைத் திறக்கிறாள். ரோத்ரிக் மேல் கொண்ட காதல் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் அவனை விடப்போவதில்லை. அவன் சாவைப் பார்த்த பிறகு தானும் சாவது என்பதுதான் அவள் திட்டம். மறைவில் நின்று இதையெல்லாம் கேட்ட ரோத்ரிக் அவள் முன்னால் வந்து வாளை நீட்டுகிறான். பழி வாங்க அரசனிடம் போவானேன், இங்கேயே என்னைக் கொன்றுவிடு என்கிறான்.

அவள் வாளைத் தொடவில்லை. அதைக் கண்ணில் படாமல் மறைக்கச் சொல்கிறாள். வழக்குத் தொடுப்பது தன் வேலை, தலையை வெட்டுவது தன் வேலையல்ல என்று மறுக்கிறாள். அடுத்து அவள் சொல்வது அந்தக் காட்சியையே புரட்டிப் போடுகிறது. ரோத்ரிக் செய்தது சரி என்று ஒப்புக்கொள்கிறாள். தந்தையின் மானத்துக்காக வாளெடுத்ததன் மூலம், தந்தைக்காக ஒரு பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதை அவனே தனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டதாகச் சொல்கிறாள். அவன் தன் கடனைத் தீர்த்தான். அவனுக்குத் தகுந்தவளாக இருக்க வேண்டுமானால் அவளும் தன் கடனைத் தீர்க்க வேண்டும். அவன் தலையைக் கேட்பதுதான் அந்தக் கடன்.

அதே மூச்சில், தன் முயற்சி பலிக்கக் கூடாது என்பதே தன் ஒரே ஆசை என்றும் சொல்லிவிடுகிறாள். காதலிக்கிறேன் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெறுக்கச் சொல்லி அவன் கெஞ்சும்போது, வெறுக்க முடியவில்லை என்பதை மட்டும் தெரிவிக்கிறாள். அது போதும், அரங்கம் முழுவதற்கும் புரிந்துவிடுகிறது. இந்தக் காட்சி குறித்துக் கொர்னெய் பிற்காலத்தில் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. முதல் நாட்களில் ரோத்ரிக் ஷிமேனின் முன்னால் வந்து நின்ற கணத்தில் பார்வையாளர்களிடையே ஒருவித சிலிர்ப்பு எழுந்ததைத் தாமே கவனித்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார். இருவரும் என்ன பேசிக்கொள்ளப் போகிறார்கள் என்று அறியும் ஆவல் அது.

ஒரே வேர்

காதலும் குடும்பமும் மோதும் நாடகங்களில் வழக்கமாக இரண்டும் இரண்டு திசையிலிருந்து வரும். வீட்டார் பழைய பகையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இளையவர்கள் அதை மீறுவார்கள். அங்கே காதல் என்பது குடும்பத்திடமிருந்து விடுதலை. ‘லெ சித்’தில் அப்படி இல்லை. தொடக்கத்தில் ஷிமேனின் தந்தையே ரோத்ரிக்கை மருமகனாக ஏற்க மனம் கொண்டவர். இரண்டு குடும்பமும் ஒரே ஒழுக்கத்தில் வளர்ந்தவை. மானத்துக்காக உயிரை விடுபவனே ஆண் என்று ஷிமேனுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்ததும் அதே வீடுதான். அப்படிப்பட்ட ஒருவனை அவள் விரும்பியதில் வியப்பில்லை. அவனுடைய எந்தக் குணத்துக்காக விரும்பினாளோ, அந்தக் குணமே அவள் தந்தையைக் கொன்றது.

ஷிமேனின் பிளவுக்குத் தீர்வு இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். காதலும் கடனும் வேறு வேறு இடத்தில் முளைத்திருந்தால் ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றொன்றோடு வாழ்ந்துவிடலாம். இங்கே இரண்டுக்கும் வேர் ஒன்று. ரோத்ரிக்கை மன்னித்துவிட்டால் அவன் மதித்த ஷிமேனாக அவள் இருக்க மாட்டாள். அவனை மறந்துவிட்டாலோ, எந்த மானத்தை உயர்வாகக் கருதித் தந்தைக்காக வழக்காடுகிறாளோ அந்த மானத்துக்கே மதிப்பில்லாமல் போகும்.

மூன்று சோதனைகள்

நான்காம், ஐந்தாம் அங்கங்கள் இந்த முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்க்கின்றன. இரவோடு இரவாக மூர் படை ஆற்று வழியே வருகிறது. ஐந்நூறு பேரோடு புறப்பட்ட ரோத்ரிக், துறைமுகத்தை அடையும்போது மூவாயிரம் பேராகி, அந்தப் படையை முறியடித்து இரண்டு மன்னர்களைச் சிறைபிடிக்கிறான். தோற்ற மன்னர்களே அவனைத் தலைவன் என்ற பொருளில் ‘சித்’ என்று அழைக்கிறார்கள். நேற்றுவரை கொலைக் குற்றவாளி, இன்று நாட்டைக் காத்தவன். ஷிமேனின் வழக்குக்கு எதிராக இப்போது ஒரு நாடே நிற்கிறது. அவள் பின்வாங்கவில்லை.

அவள் மனதை அறிய அரசன், ரோத்ரிக் காயங்களால் இறந்துவிட்டான் என்று பொய் சொல்கிறான். ஷிமேன் மயங்கிச் சாய்கிறாள். உண்மை தெரிந்ததும், துக்கத்தில் மட்டுமல்ல, மகிழ்ச்சியிலும் மயக்கம் வரும் என்று சமாளிக்கிறாள். அது எடுபடாது என்று தெரிந்ததும் வேறு காரணம் சொல்கிறாள்: போர்க்களத்தில் புகழோடு செத்தால் அது தண்டனையாகாதே என்ற ஏமாற்றத்தில்தான் மயங்கினாளாம். இரண்டு விளக்கமும் பொய் என்பது அவையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். பிறகு, ரோத்ரிக்கின் தலையைக் கொண்டுவரும் வீரனைத் தான் மணப்பதாக அறிவிக்கிறாள். ஒரே ஒரு சண்டைக்கு மட்டும் அரசன் இசைகிறான். தொன் சான்ஷ் அவள் சார்பில் நிற்பான். வென்றவனுக்கு ஷிமேனின் கை. வென்றவன் ரோத்ரிக்காக இருந்தாலும் இதுவே நிபந்தனை.

மூன்றாவது சோதனை ஒரு வாளால் வருகிறது. சண்டைக்கு முன் ரோத்ரிக் மறுபடி வந்து, எதிர்க்காமல் செத்துவிடப் போவதாகச் சொல்கிறான். அப்போது மட்டும் அவள் தடுமாறுகிறாள். தொன் சான்ஷின் கையிலிருந்து தன்னை மீட்கவாவது வெல்லும்படி சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காக நாணி உள்ளே போகிறாள். சற்று நேரத்தில் தொன் சான்ஷ் ஒரு வாளைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைக்கிறான். அவன் தோற்றவன், ரோத்ரிக் அவனை உயிரோடு விட்டு, வாளை அவளிடம் சேர்க்கும்படி அனுப்பியிருக்கிறான். அதை அவன் சொல்வதற்கு ஷிமேன் இடமே தரவில்லை. ரோத்ரிக் செத்துவிட்டான் என்று எண்ணி, அதுவரை பூட்டி வைத்த காதலை அரசன் முன்னிலையில் கொட்டிவிடுகிறாள். உண்மை தெரியும்போது மறைக்க எதுவும் மிச்சமில்லை.

மேடை மேல் உட்கார்ந்த பாரிஸ்

நாடகம் நடந்த இடம், பாரிஸின் மரே வட்டாரத்தில் பந்தாட்டக் கூடமாக இருந்து அரங்காக மாறிய ஒரு கட்டடம். ரோத்ரிக்காக நடித்தவர் குழுத் தலைவர் மோந்தோரி. 1637 ஜனவரி 18 அன்று அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பணியாட்கள் ஒதுங்கி நிற்கும் மூலைகள்கூட உயர்குடியினருக்குச் சிறப்பு இருக்கைகளாகிவிட்டன என்றும், பட்டம் பெற்ற பிரபுக்கள் மேடையிலேயே அமர்ந்தார்கள் என்றும் அதில் எழுதுகிறார். மேடையில் உட்கார்ந்து நாடகம் பார்க்கும் வழக்கம் பிரான்சில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. 1759-இல் லோராகே பிரபு தம் செலவில் இழப்பீடு கொடுத்த பிறகே கொமெதி பிரான்சேஸ் மேடையிலிருந்து அந்த இருக்கைகள் அகற்றப்பட்டன. ஷிமேன் அழுதபோது கைக்கெட்டும் தொலைவில் வாள் தரித்த உண்மையான பிரபுக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களுக்கு அது வெறும் கதையல்ல. மானத்துக்காக ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டை போடுவதைத் தடை செய்து 1626-இல் அரசாணை வந்திருந்தது. அதை மீறி, மரே வட்டாரத்திலேயே உள்ள அரச சதுக்கத்தில் பட்டப்பகலில் சண்டையிட்ட மோந்மொரென்சி-பூத்வீல் பிரபு 1627 ஜூனில் தலை வெட்டப்பட்டார். அந்தச் சதுக்கத்திலிருந்து அரங்குக்கு நடந்தே போய்விடலாம். நாடகத்துக்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ஸ்பானியப் படை கொர்பி நகரைப் பிடித்து, பாரிஸையே நடுங்க வைத்திருந்தது. நவம்பரில்தான் நகரம் மீட்கப்பட்டது. அந்த அச்சம் ஆறும் முன்பே, ஒரு ஸ்பானிய வீரன் தடை செய்யப்பட்ட வாள்சண்டையில் பெண்ணின் தந்தையைக் கொல்லும் கதையைப் பாரிஸ் கொண்டாடியது. அழகான எதையும் ‘லெ சித்’ போல் இருக்கிறது என்று சொல்லும் வழக்கமே பிறந்தது. கொர்னெயின் தந்தைக்கு அரசர் பதின்மூன்றாம் லூயி உயர்குடிப் பட்டம் வழங்கியதும் அதே ஜனவரி மாதத்தில்தான். தந்தையின் மானத்தைப் பற்றி எழுதிய மகனின் வீட்டுக்கு அந்த மாதம் இரட்டைச் சிறப்பு.

அகாதெமியின் மூன்று யோசனைகள்

புகழோடு பகையும் வந்தது. கொர்னெய் தம் புகழுக்குத் தம்மைத் தவிர வேறு யாருக்கும் கடன்படவில்லை என்ற கருத்தில் ஒரு கவிதை வெளியிட்டதும் சக எழுத்தாளர்கள் கொதித்தார்கள். ஜார்ஜ் தெ ஸ்குதேரி என்ற நாடகாசிரியர் அடுக்கிய குற்றச்சாட்டுகளில் முதன்மையானது ஷிமேனைப் பற்றியது. தந்தையின் உடல் வீட்டில் கிடக்கும்போதே கொன்றவனோடு பேசும் பெண் மகளே அல்ல என்றார். சச்சரவு முற்றி, முதலமைச்சர் கார்டினல் ரிஷலியோவிடம் போனது. நூல் வடிவில் நாடகம் அர்ப்பணிக்கப்பட்டிருந்ததோ அவருடைய சகோதரியின் மகள் மதாம் தெ கொம்பலேவுக்கு. ரிஷலியோ 1635-இல் நிறுவியிருந்த பிரெஞ்சு அகாதெமியிடம் தீர்ப்புக் கேட்டார். ஆசிரியரின் ஒப்புதல் இல்லாமல் விசாரிக்க அகாதெமி தயங்கியது. கார்டினலுக்கு அது பிடிக்குமானால் தமக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று கொர்னெய் அரைமனதாக இசைந்தார். அகாதெமி உறுப்பினர் ஷாப்லென் முக்கியப் பொறுப்பேற்று எழுதிய தீர்ப்பு ஆண்டின் இறுதியில் வெளிவந்தது.

இலக்கிய வரலாற்றில் இந்த ஆவணத்துக்கு இணையானது அரிது. நாடகத்தின் அழகுகளை அகாதெமி பாராட்டியது; ஸ்குதேரியின் பல வாதங்களைத் தள்ளியது. ஷிமேன் விஷயத்தில் அவரோடு உடன்பட்டது. கொன்றவனைக் காதலிப்பதை விடவில்லை, மணக்கவும் இடம் கொடுத்துவிட்டாள். ஆகவே அவள் நடத்தை ஒழுக்கத்துக்கு மாறானது. வரலாற்றில் அப்படி நடந்திருக்கிறதே என்றால், சமுதாய நன்மைக்காக மறைக்க வேண்டிய உண்மைகளும் உண்டு என்பது அகாதெமியின் விடை. அதோடு நிற்காமல், கதையை எப்படி மாற்றியிருந்தால் குற்றம் நீங்கியிருக்கும் என்று மூன்று வழிகளையும் எடுத்துச் சொன்னது.

முதல் வழி: கோர்மாஸ் பிரபு ஷிமேனின் உண்மையான தந்தை அல்ல என்று கடைசியில் தெரியவருவது. இரண்டாவது: எல்லோரும் நினைத்ததற்கு மாறாக அவர் சாகவில்லை, காயம் ஆறிப் பிழைத்துவிட்டார் என்பது. மூன்றாவது: அந்தத் திருமணம் நடந்தால்தான் அரசனும் நாடும் பிழைக்க முடியும் என்ற கட்டாயம் ஏற்படுவது.

இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால் நாடகம் எதனால் நிற்கிறது என்பது துலங்கும். தந்தை அவர் இல்லை என்றால் ஷிமேனுக்குக் கடன் ஏதுமில்லை. நான்கு அங்கங்களாக அவள் பட்ட பாடு ஒரு ஆள்மாறாட்டத்தின் விளைவாகிவிடும். அவர் பிழைத்து எழுந்தால் குற்றமே இல்லை. ரோத்ரிக் நீட்டிய வாளுக்கும் அவள் அதைத் தொட மறுத்ததற்கும் பொருள் போய்விடும். நாட்டைக் காக்கத்தான் திருமணம் என்றால், முடிவெடுக்கும் பொறுப்பு அவளிடமிருந்து அரசனுக்குப் போகிறது. அவள் பலியாக நிற்பாள், மனம் அங்கே வேலை செய்யாது. மூன்றும் ஷிமேனின் பழியை நீக்குகின்றன. மூன்றும் அவளையே நீக்குகின்றன. தந்தை மெய்யாகவே தந்தையாகவும், சாவு மெய்யாகவே சாவாகவும், முடிவு அவள் முடிவாகவும் இருந்தால்தான் அந்தப் பிளவு நிற்கும். கொர்னெய் எதையும் மென்மைப்படுத்தாமல் விட்டதே அந்த நாடகத்தின் வலிமை என்பதை, அதைக் கண்டிக்க வந்த அறிஞர் குழுவே தன்னை அறியாமல் நிறுவிவிட்டது.

இருபத்து நான்கு மணி நேரம்

ஒரு குறையை மட்டும் மறுக்க முடியாது. கதை ஒரே நாளுக்குள் முடிய வேண்டும் என்பது அக்காலப் பிரெஞ்சு அரங்கின் விதி. கொர்னெய்க்கு மூலமாக இருந்த கியேன் தெ காஸ்த்ரோவின் ஸ்பானிய நாடகத்தில் காலம் நீண்டு ஓடுகிறது. மகளின் துயரம் இடைவெளிகளுக்கு நடுவே மெல்ல மாறுகிறது. பிரெஞ்சு நாடகத்தில் அறை, சண்டை, சாவு, இரவுச் சந்திப்பு, மூர் படையோடு போர், விசாரணை, மறு சண்டை எல்லாம் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள். போரிலிருந்து திரும்பிய ரோத்ரிக்குக்கு அரசன் தரும் ஓய்வு ஓரிரு மணி நேரமே.

படை ஒரே இரவில் வந்து சேர வேண்டும் என்பதற்காகக் கொர்னெய் கதைக்களத்தையே கடலலை ஏறும் ஆறு உள்ள செவீயாவுக்கு மாற்றினார். நாடகத்தில் பெர்னானாக வரும் முதலாம் பெர்னாண்டோவின் காலத்தில் அந்நகரம் முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. காஸ்தீலின் கைக்கு வந்தது 1248-இல்தான். இந்த நெருக்கடிகளைப் பிற்பாடு கொர்னெயே ஒப்புக்கொண்டார். ஷிமேனுக்கு நேர்ந்த அநீதியில் பாதி இந்தக் கடிகாரம் செய்தது. ஓராண்டில் ஆறியிருக்கக்கூடிய காயத்தை ஒரே நாளில் ஆற்றச் சொன்னால் எந்த மகளும் மனம் மாறியவளாகத்தான் தெரிவாள்.

வரலாற்றில் இருந்த மனைவி

வரலாற்று ரோத்ரிகோ தியாஸ் 1099-இல் வலென்சியாவில் இறந்த படைத்தலைவர். அவர் மனைவி ஹிமேனா மெய்யாகவே வாழ்ந்தவர். ஆனால் தந்தையைக் கொன்ற கதை வரலாற்றில் இல்லை. பெர்னாண்டோ 1065-இல் இறந்துவிட்டார். திருமணம் நடந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, அல்போன்சோ மன்னரின் காலத்தில். சண்டையும் பழியும் சில நூற்றாண்டுகளுக்குப் பின் கதைப்பாடல்களில் முளைத்தவை. 1098-இல் வலென்சியா தேவாலயத்துக்கு ரோத்ரிகோ எழுதிக்கொடுத்த கொடைப் பத்திரம் சலமான்கா தேவாலயக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. அதில் அவர் தம் கையாலேயே, மனைவியும் சேர்ந்து உறுதிசெய்வதாக எழுதியிருக்கிறார். கணவர் இறந்த பிறகு 1102 வரை வலென்சியாவைக் கைவிடாமல் காத்தவர் ஹிமேனா. இருவரின் எச்சங்களும் 1921 முதல் புர்கோஸ் பேராலயத்தில் ஒரே கல்லறையில் உள்ளன. கதைமரபு ஒரு வெற்றிகரமான திருமணத்தை எடுத்து, அதன் வாசலில் ஒரு பிணத்தை வைத்தது. அந்தத் திருமணம் எப்படிச் சாத்தியமானது என்ற கேள்வியிலிருந்துதான் கொர்னெயின் நாடகம் பிறந்தது.

கொர்னெயின் பதில்

தீர்ப்புக்குப் பின் கொர்னெய் சில ஆண்டுகள் புதிய நாடகம் எதுவும் தரவில்லை. 1640-இல் ‘ஒராஸ்’ நாடகத்தோடு மீண்டும் வந்தார். ‘லெ சித்’தை அவர் கைவிடவுமில்லை. முதலில் துன்ப இன்பியல் என்று பெயரிட்டதை 1648 பதிப்பில் துன்பியல் என்று மாற்றினார். காதலர் இருவரும் உயிரோடு மிஞ்சும் நாடகத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தும். ஷிமேனின் இழப்பு எந்த முடிவாலும் ஈடுசெய்யப்படவில்லை.

ஐந்தாம் அங்கத்தின் கடைசியில் அரசன் திருமணத்துக்கு ஆணையிடுகிறான். ஒரே நாள் துக்கத்தைத் தொடங்கவும் மணவறை ஏறவும் பொருந்துமா என்று ஷிமேன் கேட்கிறாள். அரசன் ஓராண்டு தவணை தருகிறான்; அதுவரை ரோத்ரிக் மூர்களோடு போரிடட்டும். அதன்பின் ஷிமேன் ஒன்றும் பேசவில்லை. அகாதெமி அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. 1660-இல் எழுதிய ஆய்வுரையில் கொர்னெய் அதற்கு விடை சொன்னார். மற்ற இடங்களில் மௌனம் சம்மதத்துக்கு அடையாளமாக இருக்கலாம்; அரசர்கள் பேசும்போது வாய்மூடி நிற்பது மறுப்பின் அடையாளம் என்பது அவர் வாதம். அரசனை எதிர்த்துப் பேச முடியாதவளுக்கு மறுக்க வேறு வழி இல்லை. காலம் கடக்கட்டும், தடை ஏதாவது வரட்டும் என்ற நம்பிக்கையோடு அவள் நிற்கிறாள் என்றார்.

இந்த வாசிப்பின்படி ஷிமேன் கடைசிவரை எந்தக் கடனையும் கைவிடவில்லை. காதலை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டாள். தந்தைக்காகக் கேட்ட நீதியைத் திரும்பப் பெறவில்லை. ஓராண்டுக்குப் பிறகு என்ன நடந்தது என்று நாடகம் சொல்லவில்லை. சொல்லும் கடமையும் அதற்கு இல்லை.

இளவரசி உராக்கின் பிளவு வேறு வகை. அவளுக்கு எதிரே நிற்பது தந்தையின் ரத்தம் அல்ல, பிறந்த குலத்தின் உயரம். தானே ரோத்ரிக்கை ஷிமேனிடம் சேர்த்துவைத்துவிட்டுத் தவிக்கும் அவளை மேடையிலிருந்தே நீக்கிவிட்டு ‘லெ சித்’ பல தலைமுறைகள் நடிக்கப்பட்டது. அவள் கதைக்கும், ‘ஒராஸ்’ நாடகத்தில் அண்ணனுக்கும் காதலனுக்கும் நடுவே நின்ற கமீயின் கதைக்கும் உரியது அடுத்த வாரம்.